சுவரின் அடுக்குகளும் கணிப்பொறி வரைபடமும்

செங்கல் சுவர் என்று பொதுவாகக் கூறப்படுவது ஒரே பொருளால் ஆனதன்று. 230 மி.மீ. செங்கற்கட்டு, உட்புறம் 12 மி.மீ. சிமெண்டுப் பூச்சு, வெளிப்புறம் 20 மி.மீ. பூச்சு எனக் கொண்டால் சுவரின் மொத்தக் கனம் 262 மி.மீ. ஆகிறது. காகிதத்தில் வரைந்த காலத்தில் இச்சுவர் இரு கோடுகளே. அவை செங்கல்லின் விளிம்பா, பூச்சின் விளிம்பா என்பதை வரைவாளரும் மேஸ்திரியும் வழக்கத்தால் அறிந்திருந்தனர். கட்டட மாதிரி மென்பொருளில் ஒவ்வோர் அடுக்கும் அதன் கனத்துடனும் பொருளுடனும் பதிவாகிறது. கொத்தனாருக்குச் செங்கற்கட்டு மட்டும் தெரிந்தால் போதும். பூச்சு வேலைக்கும் மதிப்பீட்டிற்கும் எல்லா அடுக்குகளும் தேவை. ஆகவே, எந்த வரைபடத்தில் எதைக் காட்டுவது என்பது முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டிய செய்தியாகும்.

கோடு மறைந்தாலும் கனம் மறையாது

ரெவிட் என்னும் மென்பொருளில் ஒவ்வொரு காட்சிக்கும் விவர நிலை உண்டு. ‘மீடியம்’, ‘ஃபைன்’ ஆகிய நிலைகளில் அடுக்குகள் தனித்தனியே தெரியும். ‘கோர்ஸ்’ நிலையில் இடைக்கோடுகள் நீங்கிச் சுவர் ஒரே உடலாகத் தோன்றும். பூச்சு மறைக்கப்பட்டுவிட்டதாகப் பலர் கருதுவது இங்கேதான். மறைந்தது இடைக்கோடு மட்டுமே. வெளிக்கோடு இன்னும் பூச்சின் முகத்திலேயே நிற்கிறது.

இதன் விளைவு சிறிதன்று. உள்ளளவு 3,550 மி.மீ., 2,700 மி.மீ. என ஓர் அறை இவ்வாறு வரையப்பட்டால் அதன் பரப்பு 9.585 சதுர மீட்டர். கொத்தனார் அவ்வளவுகளைச் செங்கல் முகத்திற்குரியவை எனக் கொண்டு கட்டினால், இருபுறமும் பூச்சு ஏறியபின் அறை 3,526 மி.மீ., 2,676 மி.மீ. எனச் சுருங்கி, பரப்பு 9.44 சதுர மீட்டராகிறது. ஓரறை வீட்டில் அவ்வறை குறைந்தது 9.5 சதுர மீட்டர் இருத்தல் வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நெறி. தாளில் விதிக்கு உட்பட்ட வீடு தரையில் விதிக்குப் புறம்பாகிவிடுகிறது. குடியேறுபவர் இழப்பதோ தாம் நடமாடும் இடத்தை.

செங்கல் முகத்தைக் காட்டும் வழி

ரெவிட்டில் சுவரை அடுக்குவாரியாகப் ‘பார்ட்ஸ்’ எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கலாம். பின்னர் அக்காட்சியில் மூலச் சுவருக்குப் பதிலாகப் பகுதிகள் தெரியுமாறு அமைத்து, பூச்சுப் பகுதிகளை மறைக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கையால் மறைப்பதைவிடப் பொருளின் பெயரைக் கொண்டு வடிகட்டி அமைப்பதே நன்று. இல்லையேல் பின்னர் சேர்க்கப்படும் சுவர்களில் பூச்சு மீண்டும் தலைகாட்டும். இப்போது அளவுக்கோடுகளைச் செங்கல் முகத்திலிருந்து புதிதாக இட்டால், கொத்தனாருக்குரிய அளவுகள் 3,574 மி.மீ., 2,724 மி.மீ. எனக் கிடைக்கும். ஆர்க்கிகேட் மென்பொருளில் ‘பூச்சு நீங்கலாக’, ‘உட்கரு மட்டும்’ என்னும் தெரிவுகள் காட்சி அமைப்பிலேயே உள்ளன. எனினும் அடுக்குகள் உட்கரு, மேற்பூச்சு என முன்பே வகை குறிக்கப்பட்டிருந்தால்தான் அவை சரிவரப் பயன்படும்.

காட்சி வேறு, கணக்கு வேறு. பூச்சை மறைத்ததால் ரெவிட் காட்டும் அறைப் பரப்பு மாறுவதில்லை. பரப்பைப் பூச்சு முகத்திலிருந்து கணிப்பதா, உட்கருவிலிருந்து கணிப்பதா என்பதற்குத் தனி அமைப்பு உண்டு. அது உட்கருவில் இருப்பின் மேற்கண்ட அறை 9.74 சதுர மீட்டர் எனப் பொய்யாகப் பெரிதாகும். விதியோடு ஒப்பிடுவதற்குப் பூச்சு முகமே உரியது.

மதிப்பீட்டாளர் மற்றொன்றையும் நோக்க வேண்டும். 1.2 மீட்டருக்கு 1.5 மீட்டர் சன்னலுக்கு மென்பொருள் சுவரின் இரு முகப் பூச்சிலும் 1.8 சதுர மீட்டரைக் கழித்துவிடும். இந்தியத் தர நிர்ணயம் 1200இன் அளவீட்டு முறைப்படியோ, 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரையிலான திறப்புகளுக்கு ஒரு முகத்தில் மட்டுமே கழிவு. அட்டவணைத் தொகையை அப்படியே ஏற்றால் பூச்சு வேலைக்கு உரிய கூலி குறையும்.