ஆடி மழையும் நம்ம மரக்கறிப் பாத்தியும்



ஆடி வந்தால் அட்டன் பக்கம் மழையும் பனிமூட்டமும் விடாது. லயத்துக்குப் பின்னால் நாம் போட்ட லீக்ஸ் அதிலும் தளதளவென்று நிற்கும். கோவாவும் உருளைக்கிழங்கும்தான் பல வீடுகளில் ஏமாற்றிவிடும். "கண்ணு பட்டுப் போச்சு" என்று விட்டுவிடாமல் காரணத்தைப் பார்ப்போம்.

கோவா பகலில் வாடி, இரவில் நிமிர்கிறதா? ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தால் அது மண்ணிலிருந்து வரும் நோய். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். இந்த நோய்க்கும் அதே மண்தான் வசதி. ஆகவே நடுவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பே டொலமைட் தூவிக் கொத்திவிடுங்கள். வீங்கிய வேரைப் பசளைக் குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். கிருமி மண்ணில் பல வருடம் கிடக்கும். அந்தப் பாத்தியில் கோவா, நோக்கோல், முள்ளங்கி வேண்டாம். லீக்ஸ், கரட், போஞ்சி போடலாம்.

உருளைக்கிழங்கு இலையில் கறுப்புத் திட்டு விழுந்து, அடியில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அது பின்கருகல் நோய். 1845இல் அயர்லாந்து நாட்டில் கிழங்கை அழித்துப் பஞ்சம் கொண்டுவந்ததும் இதுவே. ஈர இலையில் வேகமாகப் பரவும். காற்றுப் போக இடைவெளி விட்டு நடுங்கள். கிழங்கு வெளியே தெரியாமல் மண் அணையுங்கள். நோய் கண்ட செடியை அன்றைக்கே அகற்றுங்கள்.

2022 நெருக்கடியில் மரக்கறி வாங்க நாம் பட்ட பாடு மறக்குமா? இந்தக் கிழமையே வாடிய கோவாவின் வேரைப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.