வாலை வடித்தலும் ஒரு தவறான நம்பிக்கையும்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த வாரம் ஆனேக்கல்லில் எங்கள் வீட்டில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரி, "சரியா வடிக்கலை சார். நல்லா வடிச்சிருந்தா விஷம் போயிருக்கும்" என்றார். படித்தவர்கள் சிலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். இது எவ்வளவு ஆபத்தான நம்பிக்கை என்பதைப் பார்ப்போம்.

அடிப்படை

சோறு கொதிக்கும்போது மூடியின் அடியில் முத்து முத்தாக நீர் கோக்கிறது அல்லவா? அதுவே வாலை வடித்தல். திரவத்தைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து, மீண்டும் திரவமாகப் பிடிப்பது. நீர் ஆவியாகும், அதிலுள்ள உப்பு ஆவியாகாது. ரயில் பெட்டி விளக்குகளின் பாட்டரிகளுக்கு நாங்கள் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுவோம். குழாய் நீரின் உப்புகள் பாட்டரியைக் கெடுத்துவிடும்.

கருவிகள்

ஆய்வுக்கூடத்தில் நான்கு உறுப்புகள் தேவை: கொதிகுடுவை, வெப்பமானி, குளிர்விப்பான், சேகரிக்கும் குடுவை. வெப்பமானியின் குமிழ் திரவத்துக்குள் இருக்கக் கூடாது. ஆவி வெளியேறும் பக்கக் குழாயின் மட்டத்தில் இருக்க வேண்டும். நமக்குத் தேவை ஆவியின் வெப்பநிலை. குளிர்விப்பான் என்பது குழாய்க்குள் குழாய். உள்ளே ஆவி, வெளியே குளிர்ந்த நீர். நீர் கீழ்முனையில் நுழைந்து மேல்முனையில் வெளியேறினால்தான் உறை முழுவதும் நிரம்பும்.

இரண்டு திரவங்கள் கலந்திருந்தால்?

இங்கேதான் சிக்கல். மெத்தனால் 64.7 டிகிரி செல்சியஸிலும், எத்தனால் 78.3 டிகிரியிலும், நீர் 100 டிகிரியிலும் கொதிக்கும். அப்படியானால் 65 டிகிரியில் மெத்தனால் முழுவதும் போய்விடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. கலவை கொதிக்கும்போது எல்லாமே சேர்ந்து ஆவியாகின்றன. எளிதில் ஆவியாவது சற்றுக் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். கொதிநிலைகள் நெருங்கியிருந்தால் ஒரு முறை வடிப்பது போதாது.

இதற்காகத்தான் பின்னக் காய்ச்சி வடித்தல் வந்தது. உயரமான கோபுரத்துக்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள். மேலேறும் ஆவியும் கீழிறங்கும் திரவமும் ஒவ்வொரு தட்டிலும் சந்திக்கின்றன. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சிறு வடிப்பு. சென்னை மணலியில் கச்சா எண்ணெயைப் பிரிப்பதும் இம்முறையில்தான்: பெட்ரோல் வகை மேலே, மண்ணெண்ணெய் இடையே, டீசல் அதற்கும் கீழே. பானையும் மூங்கில் குழாயும் அந்த வேலையைச் செய்யா.

உண்மைக் காரணம்

கள்ளக்குறிச்சியில் நடந்தது வடித்தலில் வந்த பிழையும் அல்ல. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால் அதில் கலந்திருந்தது. 2008 மே மாதம் பெங்களூர் சுற்றுப்புறத்திலும் எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் மெத்தனால்தான்.

"மணத்தை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாதா சார்?" என்று மேஸ்திரி கேட்டார். முடியாது. மணத்திலும் ருசியிலும் அது எத்தனாலை ஒத்தது. ஆனால் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது பார்வை நரம்பைத் தாக்குகிறது. குடித்த பின் பல மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகே வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் எனத் தொடங்கும்.

ஜிகணி, அத்திபெலே, பொம்மசந்திரா பகுதிகளில் உழைக்கும் நம் மக்களிடம் அன்பர்கள் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டுகிறேன். வடித்ததெல்லாம் சுத்தமல்ல. கண் மங்கினால் பயந்து மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரம் கடந்தால் பயனில்லை.