நான்கு நாளில் ஓர் ஆண்டு

பள்ளிப் பருவம் முதல் நம் மனத்தில் பதிந்துவிட்ட படம் ஒன்று உண்டு. நடுவே சூரியன், அதனருகே புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்னும் சிறிய பாறைக் கோள்கள், அவற்றிற்கு அப்பால், குளிர்ந்த தொலைவில், வியாழனும் சனியும் போன்ற பெரிய வாயுக் கோள்கள். இந்த ஒழுங்கிற்கு அறிவியலார் காரணமும் கூறினர். சூரியனுக்கு அருகே வெப்பம் மிகுதி. அங்கே நீர் உறைந்து பனிக்கட்டியாக முடியாது. ஆகவே பாறையும் உலோகமும் மட்டுமே திரண்டு சிறு கோள்களாயின. தொலைவிலோ பனியும் சேர்ந்து பெரிய கரு உருவாகி, சுற்றிலும் இருந்த ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் ஈர்த்துப் பெருங்கோளாயிற்று.

பொருத்தமான விளக்கந்தான். ஆனால் அது ஒரே ஒரு குடும்பத்தைப் பார்த்து எழுதப்பட்ட விளக்கம். ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, ஊர் முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்று கூறலாமா? 1995ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு விடை கிடைத்தது. அதனை இயற்பியல் மாணவனான நான், பிற துறை நண்பர்களுக்கும் விளங்குமாறு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

காணாததை அறியும் வழி

பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களை நேரே காண்பது மிக அரிது. விண்மீனின் ஒளிவெள்ளத்தில் கோளின் மங்கிய ஒளி மறைந்துவிடும். எனவே கோளை விடுத்து விண்மீனைக் கவனிக்க வேண்டும். கோள் விண்மீனைச் சுற்றுகிறது என்கிறோம்; உண்மையில் இரண்டும் தமக்குப் பொதுவான நிறைமையத்தைச் சுற்றுகின்றன. குழந்தையின் இரு கைகளையும் பற்றித் தட்டாமாலை சுற்றும் தந்தையை எண்ணிப் பாருங்கள். குழந்தை பெரிய வட்டத்தில் பறக்கிறது. தந்தையும் கால் பெயர்ந்து சிறிய வட்டம் ஒன்று இடுகிறார். குழந்தை இருளில் மறைந்திருந்தாலும், தந்தையின் அசைவைக் கொண்டே குழந்தை இருப்பதை அறிந்துகொள்ளலாம்.

இவ்வகை முயற்சியில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வானாய்வகத்தின் தலைவராயிருந்த கேப்டன் ஜேக்கப், ஓபியூக்கஸ் மண்டலத்தின் 70 என்னும் இரட்டை விண்மீனின் பாதையில் சிறு பிறழ்ச்சியைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதற்குக் காரணமாகலாம் என்று 1855இல் எழுதினார். பின்வந்த அளவீடுகள் அக்கோளை உறுதி செய்யவில்லை. ஆயினும் அசைவிலிருந்து கோளை அறியலாம் என்ற எண்ணம் சரியானதே.

நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வெற்றி தந்தது டாப்ளர் விளைவு. நம்மை நோக்கி விரையும் புகைவண்டியின் ஊதல் ஒலி கூர்மையாகவும், நம்மைக் கடந்து விலகும்போது தணிந்தும் கேட்கிறதல்லவா? அதுபோல, விண்மீன் நம்மை நெருங்கும்போது அதன் நிறமாலை வரிகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். ஆனால் அந்த நகர்வு மிக மிக நுண்ணியது. வியாழன் நம் சூரியனை அசைக்கும் வேகம் விநாடிக்குச் சுமார் 12.5 மீட்டரே, அதுவும் ஒரு முறை அசைந்து முடிய ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும்.

பெகாசஸ் மண்டலத்தின் 51

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவைச் சேர்ந்த மிஷெல் மேயரும் அவருடைய மாணவர் திதியே கெலோவும், தென் பிரான்சிலுள்ள ஹாட் புரோவான்ஸ் வானாய்வகத்தின் 1.93 மீட்டர் தொலைநோக்கியில், எலோடி என்னும் நிறமாலைக் கருவியைப் பொருத்திச் சூரியனை ஒத்த விண்மீன்களை அளந்து வந்தனர். அவற்றுள் பெகாசஸ் மண்டலத்தின் 51ஆம் எண் விண்மீன் 4.23 நாளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் அசைவதைக் கண்டனர். உடனே அவர்கள் உலகுக்கு அறிவித்துவிடவில்லை. அடுத்த பருவத்தில் அவ்விண்மீன் எந்த நாளில் எந்த வேகத்தில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்து, 1995 ஜூலையில் மீண்டும் அளந்தனர். கணிப்பும் அளவும் ஒத்தன. அதன் பின்னரே, அக்டோபரில், இத்தாலியின் பிளாரன்சு நகரில் நடந்த மாநாட்டில் அறிவித்தனர்.

இதிலிருந்து கோளைப் பற்றி என்னென்ன கூறலாம் என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். நான் மடக்கை அட்டவணையைக் கொண்டே செய்து பார்த்தேன். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, ஆண்டில் கூறிய சுற்றுக்காலத்தின் இருமடி, வானியல் அலகில் கூறிய தொலைவின் மும்மடிக்குச் சமம். 4.23 நாள் என்பது 0.0116 ஆண்டு. அதன் இருமடிக்கு மும்மடி மூலம் கண்டால் 0.051 வருகிறது. அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தொலைவில் இருபதில் ஒரு பங்கு. சுமார் 77 லட்சம் கிலோமீட்டர். புதனோ சூரியனிலிருந்து சராசரி 580 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது!

அப்பாதையை 4.23 நாளில் சுற்ற வேண்டுமானால் கோளின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 132 கிலோமீட்டர். விண்மீன் அசையும் வேகம் 56 மீட்டர். இருபுறமும் உந்தம் சமமாதலால், விண்மீன் கோளைப் போல் சுமார் 2,350 மடங்கு நிறையுடையது. சூரியன் வியாழனைப் போல் 1,047 மடங்கு. ஆகவே இக்கோள் வியாழனின் நிறையில் ஏறத்தாழப் பாதி. பாதை நம் பார்வைக்குச் சாய்ந்திருந்தால் நிறை இதனினும் கூடும், குறையாது. பூமியைப் போல் நூறு மடங்குக்கு மேல் நிறையுள்ள பெருங்கோள், அனல் வீசும் அடுப்பின் வாயிலில் நான்கு நாளுக்கு ஓர் ஆண்டாகச் சுழன்றுகொண்டிருக்கிறது!

ஏன் முன்பே காணவில்லை?

ஓட்டோ ஸ்துரூவ் என்னும் வானியலார் 1952இலேயே சிறு கட்டுரை ஒன்றில், பெருங்கோள் விண்மீனுக்கு மிக அருகே ஒரே நாளில் சுற்றிவரக் கூடாது என்பதற்குக் காரணம் எதுவுமில்லை. அதனை அசைவாலும் மறைப்பாலும் கண்டறியலாம் என எழுதியிருந்தார். அதனைப் பின்பற்றித் தேடியவர் இல்லை. கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஜெப்ரி மார்சியும் பால் பட்லரும் 1987 முதல் விண்மீன்களை அளந்து வந்தனர். பெருங்கோளின் சுற்றுக்காலம் ஆண்டுக் கணக்கில்தான் இருக்கும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. ஜெனீவாவின் செய்தி கேட்டதும் அவர்கள் சில நாட்களிலேயே அதனைச் சரிபார்த்து உறுதி செய்தனர். பின் தம்மிடமிருந்த பதிவுகளை ஆராய்ந்து, 1996 ஜனவரியில் மேலும் இரு கோள்களை அறிவித்தனர். அவை ஏற்கெனவே அவர்கள் கையிலிருந்த எண்களுக்குள் இருந்தன!

ஐயமும் தெளிவும்

விண்மீனே விம்மித் தணிவதால் இத்தோற்றம் ஏற்படலாமே என்று டேவிட் கிரே என்னும் அறிஞர் 1997இல் வினா எழுப்பினார். நல்ல வினா. மறு ஆண்டில் மேலும் நுட்பமாக அளந்தபோது அவ்வையத்திற்கு ஆதாரமில்லை என்று அவரே எழுதினார். 1999இல் எச்.டி. 209458 என்னும் விண்மீனை 3.5 நாளில் சுற்றும் கோள், குறித்த நேரத்தில் விண்மீனின் முகத்தைக் கடந்து, அதன் ஒளியை ஏறத்தாழ 1.5 விழுக்காடு குறைத்தது. ஐயம் தீர்ந்தது. ஒளி குறைந்த அளவால் கோளின் பருமனும் தெரிந்தது. அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் பாதிகூட இல்லை. அது வாயுக் கோளே.

பாதை கூறும் வரலாறு

அத்துணை வெப்பத்தில் இக்கோள்கள் எவ்வாறு பிறந்தன? பலவும் தொலைவில் பிறந்து உள்ளே வந்தவை என்றே அறிஞர் பெரும்பாலோர் கருதுகின்றனர். வந்த வழி இரண்டாக இருக்கலாம். ஒன்று, விண்மீனைச் சூழ்ந்த வாயுத் தட்டோடு இழுபட்டு மெல்ல உள்நோக்கி நகர்வது. மற்றொன்று, வேறு கோளாலோ துணை விண்மீனாலோ அலைக்கழிக்கப்பட்டு நீண்டு ஒடுங்கிய பாதையில் விழுந்து, விண்மீனை நெருங்கும்போதெல்லாம் ஓத விசையால் ஆற்றலை இழந்து, இறுதியில் சிறு வட்டத்தில் அடங்குவது.

இரண்டாம் வழிக்குப் பாதைகளே சான்று கூறுகின்றன. எச்.டி. 80606 என்னும் விண்மீனின் கோள் 111 நாளில் சுற்றுகிறது. அதன் பாதை வால்மீனின் பாதையைப் போல் நீண்டது. அருகே வரும்போது 0.03 வானியல் அலகு, விலகும்போது 0.88. அது நடுவழியில் உள்ள பயணி போலும். 2009இல் வாஸ்ப்-17 என்னும் விண்மீன் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் அதன் கோள் சுற்றுவதற்கான சான்றும் கிடைத்தது. அமைதியாக நகர்ந்து வந்த கோளுக்கு இத்தகைய பாதை அமைவது கடினம். வாஸ்ப்-12 விண்மீனின் கோளுக்கோ ஆண்டு என்பது 26 மணி நேரந்தான். அதுவும் ஆண்டுக்குச் சுமார் 29 மில்லி விநாடி குறைந்துவருவதாக 2020இல் கணக்கிட்டனர். சில லட்சம் நூற்றாண்டுகள் கூட ஆகாமல், சுமார் 30 லட்சம் ஆண்டுகளில் அது விண்மீனில் விழுந்துவிடும்.

இத்தகைய கோள்கள் எங்கும் நிறைந்தவை என்று எண்ணிவிடலாகாது. சூரியனை ஒத்த விண்மீன்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது அதனினும் குறைவானவற்றிலேயே இவை உள்ளன. அசைவு பெரிது, சுற்றுக்காலம் குறைவு; ஆகவே முதலில் அகப்பட்டன. நம் நாட்டிலும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் அபு மலையின் 1.2 மீட்டர் தொலைநோக்கி கொண்டு, 3.2 நாளில் சுற்றும் இத்தகைய கோள் ஒன்றை 2021இல் அறிவித்தனர்.

மேயருக்கும் கெலோவுக்கும், பேரண்டவியல் அறிஞர் ஜேம்ஸ் பீபிள்சோடு 2019இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நான் பெரிதாகக் கருதுவது பரிசை அன்று. நான்கு நாள் என்ற எண் அன்றைய கொள்கைக்கு முற்றும் ஒவ்வாதது. கருவி பழுதென்று அதனைத் தள்ளிவிடுவது எளிது. அவர்கள் தள்ளவுமில்லை, சோதிக்காமல் ஏற்கவுமில்லை. ஆய்வகத்தில் நூலில் கண்ட விடை வரும்வரை அளவைத் திருத்தத் தோன்றும்போது, நண்பர்களே, பெகாசஸ் மண்டலத்தின் அந்த விண்மீனை நினைத்துக்கொள்வோம். வந்த எண்ணை வந்தபடியே எழுதி, மீண்டும் ஒருமுறை அளப்போம்.