கனத்த கை போதாது, தம்பி

அன்புத் தம்பிக்கு,

மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டியில் மூன்று பேரை முதல் ரவுண்டிலேயே சாய்த்தாயாம், மகிழ்ச்சி. நான்காவது பையன் மூன்று ரவுண்டும் தாக்குப்பிடித்துப் பாயிண்டில் ஜெயித்ததும், நீ ஜட்ஜுகளைத் திட்டியதும்கூடக் காதுக்கு வந்தது. அதனால்தான் ஜார்ஜ் ஃபோர்மனைப் பற்றி எழுதுகிறேன்.

1973இல் கிங்ஸ்டனில் ஜோ ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை வீழ்த்தி ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்தவர் அவர். அடுத்த இரண்டு பட்டப் போட்டிகளும் இரண்டாம் ரவுண்டைத் தாண்டவில்லை. கனத்த கை இருந்ததால் மூச்சைப் பற்றி யோசிக்க வேண்டியே வரவில்லை. 1974இல் கின்ஷாசாவில் முகமது அலி கயிற்றில் சாய்ந்து, கைகளால் முகத்தையும் விலாவையும் மூடிக்கொண்டு, 'அடி' என்று விட்டுவிட்டார். ஃபோர்மனும் அடித்தார், அடித்தார், அடித்தே ஓய்ந்தார். எட்டாம் ரவுண்டில் விழுந்தார்.

கயிறு தளர்வாக இருந்தது, வேகமாக எண்ணிவிட்டார்கள் என்று அவரும் உன்னைப் போலவே புலம்பினார். 1977இல் ஜிம்மி யங்கிடம் தோற்றதும் ரிங்கை விட்டு ஹூஸ்டனில் மதபோதகரானார். தான் நடத்திய இளைஞர் மையத்துக்குப் பணம் திரட்டவே பத்து வருடம் கழித்துத் திரும்பினார்.

1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். ஃபோர்மனுக்கு வயது 45. சாம்பியன் மைக்கேல் மூரருக்கு 26. அன்று இவருடைய கார்னரில் நின்றவர் யார் தெரியுமா? கின்ஷாசாவில் அலிக்குக் கார்னரில் நின்ற ஆஞ்செலோ டண்டி! ஒன்பது ரவுண்டு முடிவில் மூன்று ஜட்ஜுகளின் கணக்கிலும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார். பதறவில்லை. அடி வாங்கியபடியே ஜாபைப் போட்டுக்கொண்டு முன்னேறினார். பத்தாம் ரவுண்டில் இடது, உடனே வலது. ஓங்கிச் சுழற்றிய அடியல்ல. தாடைக்கு நேராகப் போன குட்டையான அடி. மூரர் மல்லாந்தார். எண்ணி முடிக்கும்வரை எழவில்லை.

இளம் வயதில் அந்த அடியை முதல் நிமிடத்திலேயே தேடியிருப்பார். நாற்பத்தைந்தில் பத்தாம் ரவுண்டுவரை காத்திருக்கத் தெரிந்திருந்தது.

இந்த மாதம் ஸ்பாரிங்கில் வலது கையை வீசாதே; மூன்று ரவுண்டும் ஜாப் மட்டும் போடு. பிறகு உன்னை ஜெயித்த பையனின் மாஸ்டரைப் போய்ப் பார். எங்கே கோட்டைவிட்டேன் என்று கேள். உன் மாஸ்டர் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன். ஜட்ஜுகளைத் திட்டினால் அடுத்த போட்டியிலும் இதே பாயிண்ட்தான் விழும்.

அன்புடன்,
அண்ணன்