ஊரடங்கிலும் ஏஆர்டி மாத்திரை விடாமல் இருக்க

2020 ஊரடங்கில் பெங்களூரு சிவாஜிநகர் பவ்ரிங் ஆஸ்பத்திரிக்குள் கொரோனா நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஏஆர்டி மாத்திரை கொடுக்கும் மையமும் அங்கேதான். பஸ் இல்லை, தொற்று பயம் வேறு. மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கலாம் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அப்போது அனுமதித்தது. அடுத்த பெருந்தொற்றுக்குக் களப்பணியாளர்கள் இப்போதே தயாராகலாம்.

முதலில் நோட்டு போடுங்கள். நோயாளிகளின் சிகிச்சை விவரம் இருக்கும் பச்சைப் புத்தகத்தைப் பார்த்து, யாருக்கு எந்தத் தேதியில் மாத்திரை தீரும் என்று எழுதுங்கள். கர்ப்பிணிகள், காசநோய்க்காரர்கள், புதிதாகத் தொடங்கியவர்கள் மேலே வரட்டும்.

அடுத்தது போன். இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் போனை மாமியார் எடுப்பார். எந்த நேரம் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். "அக்கா, தையல் துணி வந்திருக்கு" என்றால் மாத்திரை வந்திருக்கிறது என்று அவருக்கு மட்டும் புரிந்தால் போதும். சம்மதமில்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017 எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், விஷயம் வெளியே தெரிந்துவிட்டால் அவர் மறுபடி மையத்துப் பக்கமே வரமாட்டார்.

மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்காதீர்கள். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கமோ அவர் சொல்லும் வேறு இடத்திலோ காய்கறிப் பையில் வைத்துக் கொடுங்கள். டப்பா கிலுகிலுக்காமலிருக்க மேலே கொஞ்சம் பஞ்சு வைக்கலாம்; ஈரம் உறிஞ்சும் சிறு பையை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.

ஆம்பூர், கிருஷ்ணகிரி என்று சொந்த ஊருக்குப் போனவர்களைப் பச்சைப் புத்தகத்தோடு அங்குள்ள மையத்துக்கு அனுப்புங்கள். முன்னதாக நம் மையத்திலிருந்து அங்கே ஒரு போன் போகட்டும்.

கொரோனா காலத்தில் ஜிங்க், விட்டமின் மாத்திரைகளைப் பலர் தாங்களாகவே வாங்கிச் சாப்பிட்டார்கள். ஜிங்க், கால்சியம், இரும்புச்சத்து ஆகியவை ஏஆர்டி மாத்திரையில் இருக்கும் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். ஏஆர்டி மாத்திரையை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போடச் சொல்லுங்கள்.

ஒரு வேளை மறந்தால், நினைவு வந்ததும் போடலாம்; இரட்டிப்பாகக் கூடாது. பல வாரம் விட்டவரைத் திட்டாதீர்கள். "வந்துட்டீங்களே, அது போதும்" என்று உட்காரவைத்து, அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இருமலும் காய்ச்சலும் இருந்தால் கொரோனாவோடு காசநோய்ப் பரிசோதனையும் கேளுங்கள்.

1097 எச்.ஐ.வி.க்கான இலவச உதவி எண். பச்சைப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.