பிள்ளை குப்புறப் பிரண்டு படுத்தால்

நாலாம் மாத ஊசிக்குப் பிள்ளையைக் கொண்டுவரும் தாய்மார் கிளினிக் வாங்கில் இருந்து கதைப்பது அநேகமாக ஒரே விசயம்தான். "இரவில குப்புறப் பிரளுறான் அக்கா, எனக்கு நித்திரையே இல்லை." ஒட்டுசுட்டானில் இரண்டு பிள்ளைகளைப் பாயில் போட்டு வளர்த்தவள் நான். அந்தப் பயம் எவ்வளவு பெரியதென்று தெரியும். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று அப்போது யாராவது விளங்கச் சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லாக இருந்திருக்கும் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலே சொல்லிவிடுகிறேன். ஒரு வயது வரைக்கும் பிள்ளையை நித்திரைக்குக் கிடத்தும் ஒவ்வொரு முறையும் நிமிர்த்தியே கிடத்துங்கள். பகல் நித்திரைக்கும் அதுதான். பிள்ளை இரண்டு பக்கமும் தானாகப் பிரளப் பழகியபின் நித்திரையில் தானே குப்புறப் போனால், விடிய விடிய முழித்திருந்து திருப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் நீங்கள் நிம்மதியாகக் கண்ணயர வேண்டுமென்றால், பிள்ளையைச் சுற்றிப் பாயில் என்ன கிடக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

நன்றாக இருந்த பிள்ளை காரணம் தெரியாமல் நித்திரையிலேயே இறந்துபோவதைத் தொட்டில் மரணம் என்கிறார்கள். அரிதாகத்தான் நடக்கிறது. நடக்கிறவற்றில் பத்துக்கு ஒன்பது ஆறு மாதத்துக்கு முந்தியே நடக்கின்றன. முதல் நாலு மாதத்தில்தான் ஆபத்துக் கூட. முகத்தைக் கீழே புதைத்துப் படுக்கும் சின்னப் பிள்ளை தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரிடுகிறது. உடம்புச் சூடும் கூடுகிறது. நித்திரை ஆழமாகிவிடுவதால் காற்றுப் போதாதபோது திடுக்கிட்டு எழும்பும் தன்மையும் குறைகிறது.

மூத்தவனுக்கு வயிறு ஊதி, இரவெல்லாம் அழுத நாட்களில் மாமி சொன்னா: "குப்புறப் போடு பிள்ளை, அப்பத்தான் நல்லா நித்திரை கொள்ளுவான். நிமிந்து கிடந்தா பால் புரைக்கேறும், தலையும் சப்பையாப் போகும்." மாமி சொன்னதில் ஒன்று உண்மை. குப்புறப் படுத்தால் பிள்ளை நல்லாகத்தான் நித்திரை கொள்ளும். அந்த ஆழ்ந்த நித்திரைதான் ஆபத்து.

மற்ற இரண்டு காரணங்களும் மாமிக்கு மட்டும் தோன்றியவை அல்ல. அமெரிக்காவில் பிள்ளை வளர்ப்புக்கு வேதம்போல் வாசிக்கப்பட்ட டொக்டர் பெஞ்சமின் ஸ்பொக்கின் புத்தகம், 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்புகளில் இதே இரண்டையும் சொல்லித்தான் பிள்ளையைக் குப்புறப் போடச் சொன்னது. வாந்தி எடுத்தால் புரைக்கேறுமாம், தலை ஒரு பக்கம் தட்டையாகுமாம். மேற்கு நாடுகளில் கோடிக்கணக்கான தாய்மார் அதை நம்பினார்கள். நெதர்லாந்தில் 1970களில் இந்தப் பழக்கம் பரவியபோது தொட்டில் மரணமும் கூடிக்கொண்டே போனது. 1985இல் ஹொங்கொங்கில் வேலை செய்த டி. பி. டேவிஸ் என்ற மருத்துவர், அங்கே வீடுகள் நெருக்கமாக இருந்தும் தொட்டில் மரணம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டு எழுதினார். அங்கத்தைய தாய்மார் பிள்ளையை நிமிர்த்திப் படுக்க வைப்பவர்கள். பிறகு நியூசிலாந்திலும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பக்கத்திலும் செய்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. 1991இல் இங்கிலாந்திலும் 1994இல் அமெரிக்காவிலும் 'நிமிர்த்திப் படுக்க வையுங்கள்' என்று இயக்கம் நடத்தினார்கள். சில வருடங்களிலேயே தொட்டில் மரணம் பாதிக்குமேல் குறைந்தது. இருந்த சான்றுகளை 1970 அளவிலேயே சேர்த்துப் பார்த்திருந்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாப் பக்கத்திலும் குறைந்தது 50,000 பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தக் கணக்கை வாசித்த நாள் முழுக்க எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. அத்தனை தாய்மாரும் பிள்ளைக்கு நல்லது என்று நம்பித்தானே அப்படிக் கிடத்தியிருப்பார்கள்!

புரைக்கேறும் என்ற பயத்துக்கு மறுமொழி உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. பிள்ளை நிமிர்ந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போவதென்றால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறக் கிடந்தால் நிலைமை தலைகீழ். பால் கொடுத்தபின் தோளில் போட்டு ஏவறை வரும்வரை முதுகைத் தடவிவிட்டுக் கிடத்தினால் அந்தக் கவலை மிச்சம் இல்லை.

இனிப் பிரளுவதைப் பற்றி. என் இளையவள் முதல்முதல் பிரண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரண்டு காலையும் மேலே தூக்கி ஒரு பக்கம் போட்டாள். இடுப்புத் திரும்பியது, தோள் திரும்பியது, ஆனால் ஒரு கை நெஞ்சுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. முனகினாள், முகம் சிவந்தது, தலையைத் தூக்கித் தூக்கிப் பாயில் மூக்கை இடித்தாள். கையை இழுத்தெடுக்க அவளுக்குச் சில நாள் பழக்கம் தேவைப்பட்டது; நிமிர்ந்து திரும்ப இன்னும் கொஞ்சக் காலம். கூடக் கவனிக்க வேண்டியது இந்த இடைக்காலத்தைத்தான். போகத் தெரிந்து திரும்பி வரத் தெரியாத பிள்ளையை நித்திரையில் குப்புறக் கண்டால் மெல்ல நிமிர்த்திவிடுங்கள். அநேகமான பிள்ளைகளுக்கு இது நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் வரும். கழுத்துப் பலப்பட்டு, முகத்தைத் திருப்பவும் இரண்டு பக்கமும் பிரளவும் தெரிந்த பிள்ளை மூச்சு முட்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறது. பிறகு கிடத்துவது நிமிர்த்தி; அதற்கு மேல் அதன் விருப்பம்.

பிரளத் தொடங்கும் அறிகுறி தெரிந்த அன்றே நிறுத்த வேண்டியது, பிள்ளையைத் துவாயால் இறுக்கிச் சுற்றி நித்திரையாக்குவது. கை கட்டுப்பட்ட பிள்ளை குப்புறப் போனால் ஊன்றி எழும்ப வழியில்லை.

அடுத்தது ஏணை. நாங்கள் எல்லோரும் சேலை ஏணையில் வளர்ந்தவர்கள்தான். அழுகிற பிள்ளையை ஆட்டி ஆற்றுவதற்கு அதைப்போல் ஒன்றில்லை. ஆனால் ஏணைக்குள் பிள்ளை வளைந்து கிடக்கிறது. நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுப்பாதை ஒடுங்கும். பிரண்டால் முகம் சேலையோடு ஒட்டிக்கொள்ளும், விளிம்பால் விழவும் கூடும். நித்திரையானதும் தூக்கிப் பாயில் கிடத்துவதே எங்கள் வீட்டு வழக்கம். இளையவள் பிரளத் தொடங்கியதோடு ஏணையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டோம். மாமிக்கு மனவருத்தம்தான். காரணத்தைச் சொன்னதும் குறுக்குத் தடியைத் தானே கழற்றித் தந்தா.

எங்கள் பக்கத்துப் பன்பாய் பிள்ளைக்கு அருமையான படுக்கை. தட்டையானது, உறுதியானது, காற்றோட்டமானது. மேலே ஒரு பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்தால் போதும். புதையப் புதைய இருக்கும் ஸ்பொஞ்சு மெத்தைதான் மூக்கை அமுக்குவது. பிரளாமல் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுப்பதை நிறைய வீடுகளில் காண்கிறேன். தயவுசெய்து வேண்டாம். உருளும் பிள்ளை அந்தத் தலையணையில்தான் முகத்தைப் புதைக்கும். பொம்மை, தடித்த போர்வை, மடித்து வைத்த சேலை எல்லாம் பாயை விட்டு வெளியே போகட்டும். தலைக்கும் தலையணை வேண்டாம். கட்டிலில் கிடத்துவதானால் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பிள்ளை மாட்டிக்கொள்ளும் இடைவெளி இருக்கக் கூடாது.

நுளம்பு வலை கட்டாயம் வேண்டும். மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார அமைப்பு சான்றிதழ் தந்தாலும் டெங்கு போகவில்லை. குடைபோல் விரிக்கும் சின்ன வலை கிடந்த இடத்தில் கிடக்கும் பிள்ளைக்குத்தான் சரி. உருளும் பிள்ளை விளிம்பில் முட்டி, வலையை முகத்தில் இழுத்துக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் நுளம்பும் குத்தும். பெரிய வலையைக் கட்டி, ஓரத்தைப் பாயின் கீழே இழுத்துச் செருகிவிடுவது நல்லது. நுளம்புச் சுருளும் சாம்பிராணிப் புகையும் பிள்ளை படுக்கும் அறைக்குள் வேண்டாம்.

வைகாசி, ஆனி வெக்கையிலும் பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, கையுறை என்று போட்டுக் கிடத்துகிறார்கள். பிள்ளையின் உடம்புச் சூடு தலைவழியாகத்தான் நிறைய வெளியேறுகிறது. வீட்டுக்குள் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். பிடரியில் கைவைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் உடுப்புக் கூட என்று அர்த்தம்.

ஒரே பாயில் படுப்பது பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். பிள்ளை தாயின் அறையிலேயே, கை எட்டும் தூரத்தில், தனக்கென்று ஒரு சின்னப் பாயில் படுப்பதுதான் நல்லது. இரவில் எழும்பிப் பால் கொடுக்கவும் வசதி. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தொட்டில் மரண ஆபத்தும் குறைவு. குடித்துவிட்டு வந்தவர் பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது. பீடி, சிகரெட் பிடிப்பவரும் அப்படித்தான். அப்பாமார் கோபித்தாலும் சரி, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தை, மாசி அறுவடைக் காலத்தில் களைத்து வந்து செற்றியில் சாய்ந்தபடி பால் கொடுக்கும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை: கண் செருகுகிறது என்றால் செற்றியை விட்டுப் பாய்க்கு வந்துவிடுங்கள். செற்றியில் பிள்ளையை அணைத்தபடி நித்திரையாவது பாயில் படுப்பதைவிடப் பல மடங்கு ஆபத்து.

வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை அம்மம்மாவிடமோ பக்கத்து வீட்டிலோ விடும்போது, நிமிர்த்திக் கிடத்தச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நிமிர்ந்தே படுத்துப் பழகிய பிள்ளையைத் திடீரென ஒருநாள் குப்புறப் போட்டால் ஆபத்து இன்னும் கூட.

தலை சப்பையாகும் என்ற மாமியின் கவலைக்கும் வழியுண்டு. முழித்திருக்கும்போது பிள்ளையைக் குப்புறப் போட்டு, நாங்கள் முன்னால் குனிந்து இருந்து விளையாட வேண்டும். பிறந்த முதல் வாரங்களிலேயே நெஞ்சில் போட்டுத் தொடங்கலாம். பிறகு பாயில், சில நிமிடங்களாக நாளுக்கு இரண்டு மூன்று தடவை. கழுத்தும் தோளும் பலப்படுவது இப்படித்தான். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவமாக்கி, கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடும் பிள்ளையைப் பாடியிருக்கிறார்கள். அந்த ஆட்டத்துக்குப் பகலில் இடம் கொடுத்த பிள்ளை இரவில் கெதியாகத் திரும்பி வரப் பழகும். கிடத்தும்போது தலையை ஒருநாள் இடப்பக்கமும் மறுநாள் வலப்பக்கமும் திருப்பி வைத்தாலும் தலை ஒரே இடத்தில் அமுங்காது.

மாதம் முந்திப் பிறந்த பிள்ளைகளை வைத்தியசாலையில் சிலவேளை குப்புறக் கிடத்தியிருப்பதைத் தாய்மார் காண்பார்கள். அங்கே மூச்சையும் இதயத்துடிப்பையும் இயந்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் நிமிர்ந்த படுக்கைதான். அவர்களுக்குத்தான் இது இன்னும் முக்கியம்.

எந்தப் பிள்ளையாவது நீலம் பாரித்து, துவண்டு, தட்டியும் எழும்பாமல் கிடந்தால் உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மற்றபடி ஆறு மாதம் ஆகியும் பிள்ளை பிரள முயலவில்லை, அல்லது எப்போதும் ஒரே பக்கம்தான் பிரளுகிறது, ஒரு கையைப் பாவிக்கவே இல்லை என்று கண்டால், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அடுத்த ஊசி நாள்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. அவர் வீட்டுப் பக்கம் வரும்போதே பிள்ளையைப் பாயில் போட்டுக் காட்டலாம்.