காடி இடித்த பிறகு: முதல் பத்து நிமிடமும் அடுத்த 24 மணி நேரமும்

தம்பி தங்கைகளே, இந்த மாதப் பாடத்தை நம் வகுப்புக்கு வரும் ஒரு தம்பியின் கதையோடு தொடங்குகிறேன். "சொல்லுங்கண்ணே, ஆனா பேரு மட்டும் வேணாம்" என்று அவனே அனுமதி கொடுத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் காடிகள், நடுவில் மோட்டார் சைக்கிள்கள், கையில் பையோடு கடக்கிறவர்கள். தம்பி அப்பாவின் காடியை ஓட்டிக்கொண்டு போனான். முன்னால் போன காடி சட்டென்று நின்றது. இவன் பிரேக் போட்டான், ஆனால் ஒரு நொடி தாமதம். 'டப்' என்று ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தால் முன்காடியின் பம்பரில் ஒரு கீறல், சின்ன ஒடுக்கு. அதை ஓட்டி வந்த ஆன்ட்டி நல்லவர்தான். "போலீஸ் எல்லாம் வேண்டாம்" என்று இருவருமே சொன்னார்கள். தம்பி கையிலிருந்த 200 ரிங்கிட்டைக் கொடுத்தான். இருவரும் சிரித்துக்கொண்டே பிரிந்தார்கள்.

அன்று மாலை அந்த ஆன்ட்டியின் மகன் காடியைப் பார்த்திருக்கிறார். பம்பருக்கு உள்ளேயும் சேதம். உடனே பாலாய்க்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமை போக்குவரத்துப் போலீசிலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தது. தம்பியிடம் புகார் நகல் இல்லை, படம் இல்லை, 200 ரிங்கிட் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இடித்ததற்கு ஒரு சமன், 24 மணி நேரத்துக்குள் புகார் செய்யாததற்கு இன்னொரு சமன். அந்த ஆன்ட்டியின் இழப்பீடும் அப்பாவின் காப்புறுதி மீதே வந்தது. அப்பா பல வருடம் சேர்த்து வைத்திருந்த 55 விழுக்காட்டு என்.சி.டி. கழிவு ஒரே நாளில் போனது.

"அப்பா திட்டியிருந்தாகூட பரவாயில்லண்ணே. ஒண்ணுமே சொல்லல" என்றான் தம்பி.

அந்த ஆன்ட்டி செய்தது தவறில்லை. தம்பியும் கெட்டவன் இல்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பாடம்.

முதல் பத்து நிமிடம்

1. நில்லுங்கள். இடித்துவிட்டு ஓடுவது குற்றம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, விபத்து நடந்தால் ஓட்டுநர் நிற்க வேண்டும், உதவ வேண்டும், தன் விவரங்களைத் தர வேண்டும் என்கிறது. அபாய விளக்கைப் போடுங்கள். துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலை போன்ற வேகமான சாலை என்றால், காடிகளுக்கு நடுவில் நின்று பேச வேண்டாம். ஓரத்துக்கு வந்துவிடுங்கள்.

2. முதலில் ஆளைக் கேளுங்கள், பிறகு காடியைப் பாருங்கள். "அடி பட்டுச்சா?" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் அடி கழுத்தையும் முதுகையும் பாதிக்கலாம். வலி மறுநாள்கூடத் தெரிய வரலாம். 1978 முதல் 1999 வரை நம் ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கர்ப்பால் சிங்கை நினைத்துப் பாருங்கள். 2005-இல் பினாங்கில் அவர் போய்க்கொண்டிருந்த டாக்சியைப் பின்னால் வந்த காடி மோதியது. அதன் பிறகு அவர் சக்கர நாற்காலியில்தான் நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போனார். ஆகவே வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். கடுமையான காயம் என்றால் 999.

3. படம் எடுங்கள். காடிகளை நகர்த்துவதற்கு முன்பே எடுங்கள். இரண்டு காடிகளும் சாலைக் கோடும் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, பிறகு எண் தகடுகள், சேதம், சிக்னல் விளக்கு. டேஷ்கேம் இருந்தால் பதிவை உடனே பத்திரப்படுத்துங்கள். சின்ன உரசல் என்றால், படம் எடுத்த பிறகு ஓரமாக நகர்த்தி மற்றவர்களுக்கு வழி விடலாம். யாருக்காவது கடுமையான காயமோ பெரிய சேதமோ இருந்தால், போலீஸ் சொல்லும் வரை காடியைத் தொடக் கூடாது.

4. விவரம் மாற்றிக்கொள்ளுங்கள். பெயர், தொலைபேசி எண், காடி எண், காப்புறுதி நிறுவனம். சாட்சி யாராவது இருந்தால் அவருடைய எண்ணும்.

5. வாயை அடக்குங்கள். "சோரி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பது பண்பு. ஆனால் "எல்லாம் என் தப்பு, முழுச் செலவும் நானே தர்றேன்" என்று எழுதிக் கொடுப்பது வேறு. உங்கள் காப்புறுதி நிறுவனத்தைக் கேட்காமல் அப்படி ஒப்புக்கொள்ளக் கூடாது.

6. இழுவை லாரியிடம் கவனம். நீங்கள் அழைக்காமலே சில நேரம் ஒருவர் வந்து நிற்பார். "புகார், கிளெய்ம் எல்லாம் நாங்களே பாத்துக்கிறோம், இங்க ஒரு கையெழுத்து மட்டும்" என்பார். வெற்றுப் பாரத்தில் கையெழுத்து வேண்டாம். ஐசியையும் சாவியையும் கொடுக்க வேண்டாம். காடி ஓடும் நிலையில் இருந்தால் நீங்களே ஓட்டிப் போங்கள். ஓடாவிட்டால் உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண்ணை அழையுங்கள்.

கோபம் வந்தால்

2014 ஜூலையில் குவாந்தானில் நடந்ததை உங்களில் சிலர் காணொளியாகப் பார்த்திருப்பீர்கள். ஒரு முதியவரின் காடி ஓர் இளம்பெண்ணின் காடியில் இடித்துவிட்டது. சேதம் பெரிதில்லை. ஆனால் அந்தப் பெண் கத்தினார்; ஸ்டியரிங் பூட்டை எடுத்து முதியவரின் காடியை அடித்தார். முதியவர் அமைதியாகவே நின்றார். காணொளி நாடு முழுவதும் பரவியது. நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 5,000 ரிங்கிட் அபராதமும் 240 மணி நேரச் சமூக சேவையும் விதித்தது. முதியவர் அவரை மன்னித்துவிட்டார்.

இதில் இடித்தவர் முதியவர். ஆனால் தண்டனை யாருக்குப் போனது என்று பாருங்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், கோபப்பட்ட அந்த ஒரு நிமிடத்தில் அது கை மாறிவிடும். நம் நாட்டில் இடித்தவர் ஒரு இனம், இடிபட்டவர் ஒரு இனம் என்றால் வார்த்தை இன்னும் வேகமாகத் தடிக்கும். அந்த இடத்தில் நண்பர்களை வாட்சாப்பில் கூப்பிட்டுக் கூட்டம் சேர்க்கவே கூடாது. ஒரு அண்ணன் வந்தால் உதவி, பத்துப் பேர் வந்தால் சண்டை.

அடுத்த 24 மணி நேரம்

அதே 52-ஆவது பிரிவின்படி விபத்தைப் போலீசில் தெரிவிக்க வேண்டும். முடிந்த அளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள். "நாங்க பேசித் தீத்துக்கிட்டோம்" என்பது இந்தக் கடமையை நீக்காது. ஐசி, லைசென்ஸ், எடுத்த படங்களோடு போங்கள். காடியையும் கொண்டு போங்கள். அதிகாரி பார்த்துப் படம் எடுப்பார்.

நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் "சிக்னலைப் பார்த்தேன்" என்று மாற்றிச் சொல்லாதீர்கள். லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டினான் என்பதற்காக அண்ணன் ஓட்டியதாகச் சொல்வது பாசம் இல்லை, பொய்ப் புகார். போன வருடத்துப் பழைய ஒடுக்கை இந்த விபத்தில் சேர்ப்பதும் அப்படித்தான். புகார் மலாயில் தட்டச்சாகும். கையெழுத்திடும் முன் ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். பிறகு காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

பணக் கணக்கு

தவறு மற்றவருடையது என்றால் இரண்டு வழி. அவருடைய காப்புறுதியிடம் நேரடியாக இழப்பீடு கேட்கலாம். உங்களிடம் முழுக் காப்புறுதி இருந்தால், 'நாக் ஃபார் நாக்' முறையில் உங்கள் நிறுவனத்திடமே கேட்கலாம். இதில் உங்கள் என்.சி.டி. குறையாது.

தவறு உங்களுடையது என்றால் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். தனியார் காடிக்கு என்.சி.டி. 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று வருடத்துக்கு வருடம் ஏறும். ஒரு கிளெய்ம் வந்தால் மறுபடி பூஜ்யம். அடிப்படைக் கட்டணம் 1,000 ரிங்கிட் என்று வைப்போம். 55 விழுக்காட்டில் இருப்பவர் 450 ரிங்கிட் கட்டுகிறார். கழிவை இழந்தால் அடுத்த ஐந்து வருடத்தில் அவர் கூடுதலாகக் கட்டுவது 550, 300, 250, 166.70, 100. மொத்தம் 1,366.70 ரிங்கிட். ஆகவே 400 ரிங்கிட் பம்பர் வேலை என்றால் கையிலிருந்து கட்டுவதே லாபமாக இருக்கலாம். அப்படிக் கட்டினாலும் முதலில் போலீஸ் புகார். பிறகு பட்டறை விலையைக் கேட்டு, பணம் பெற்றதாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

அப்பா, அம்மா காடியை ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று: 21 வயதுக்குக் கீழ் இருந்தாலோ, 'P' லைசென்ஸ் வைத்திருந்தாலோ, உங்கள் பெயர் அந்தக் காப்புறுதியில் இல்லாவிட்டாலோ, காடியின் சேதத்துக்குக் கிளெய்ம் செய்யும்போது முதல் 400 ரிங்கிட்டைச் சொந்தமாகக் கட்ட வேண்டி வரும். இன்றே வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

முடிவாக

திருக்குறளில் 30-ஆவது அதிகாரம் வாய்மை, 31-ஆவது வெகுளாமை. காடி இடித்தால் நமக்குத் தேவை இந்த இரண்டும்தான். சாலையில் நிற்கும்போது வெகுளாமை, பாலாயில் உட்காரும்போது வாய்மை.

நம் தம்பி இப்போது காடியில் ஒரு சின்னக் கோப்பு வைத்திருக்கிறான். அதில் காப்புறுதித் தாளின் நகல், உதவி எண், ஒரு பேனா. இந்த வாரம் நீங்களும் அதைச் செய்யுங்கள்.

வகுப்பில் பேச

1. "போலீஸ் வேணாம், இங்கேயே முடிச்சிக்கலாம்" என்று மற்றவர் வற்புறுத்தினால், மரியாதையாக எப்படி மறுப்பீர்கள்? சொல்லிப் பாருங்கள்.
2. நிறுத்தி வைத்திருந்த காடியை உரசிவிட்டீர்கள். சொந்தக்காரர் இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை. என்ன செய்வீர்கள்?
3. உங்கள் நண்பன் இடித்துவிட்டான். "நீதான் ஓட்டினேன்னு சொல்லுடா" என்கிறான். அவனுக்கு என்ன பதில்?